ஒரே ராத்திரியில் கெட்ட மூன்று பதார்த்தங்கள்: பெங்களூரு சமையற்கூடம் ஒன்றில் பப்பாளிப் பாலும் அன்னாசிச் சாறும்

பெங்களூரு அல்சூர் பக்கம் உள்ள ஒரு கேட்டரிங் கூடம். மாஸ்டர் ஆம்பூர்க்காரர், உதவியாட்கள் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பையன்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, 300 பேருக்கான திருமண வரவேற்பில் மூன்று பதார்த்தங்கள் கெட்டன. சீக் கபாப் கம்பியில் நிற்காமல் கரியில் விழுந்தது. மட்டன் பிரியாணியில் கறி நார்நாராகக் கூட இல்லாமல் கூழாகி, எலும்பு தனியே கிடந்தது. அன்னாசி புட்டிங் கப்பில் உறையாமல் தண்ணீராகவே இருந்தது. இவை போதாதென்று பந்தியில் வைத்த அன்னாசித் தயிர்ப் பச்சடி கசந்தது. அதை ஒரு குறை என்று யாரும் எழுதிக்கூட வைக்கவில்லை, கசந்ததால் ஒதுக்கிவிட்டார்கள். மறுநாள் காலை, அன்னாசி சீவிய பையனின் விரல்நுனிகளை வருகைப்பதிவு இயந்திரம் படிக்க மறுத்தது.

கூடத்தில் எழுந்த முதல் பேச்சு வழக்கமானதுதான். கறிக்கடைக்காரர் பழைய கறியைத் தள்ளிவிட்டார், ஜெலட்டின் பாக்கெட் காலாவதி, தயிர்க்கடை பால் சரியில்லை. குறைகளுக்கு மூன்று குற்றவாளிகள். இந்த ஆய்வு காட்டுவது வேறு. பச்சடியையும் சேர்த்து நான்கு பதார்த்தங்களுக்கும், பையனின் விரலுக்கும் காரணம் ஒன்றே: புரதத்தை வெட்டும் நொதிகள், அதாவது புரோட்டியேஸ்கள். அவை அளவில் கூடின, நேரத்தில் கூடின, வெப்பத்திலும் கூடின. மூன்றும் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டன.

முதலில் யார் குற்றவாளி இல்லை

கூடத்திலேயே, யாரும் திட்டமிடாமல், மூன்று ஒப்பீடுகள் கிடைத்திருந்தன. அவற்றைக் கவனித்திருந்தால் அன்று ராத்திரியே பாதி விஷயம் விளங்கியிருக்கும்.

அதே ஆட்டுக் கறியில் 2 கிலோவை மசாலா தடவாமல் தனியே எடுத்து, ஆட்களின் சாப்பாட்டுக்குச் சால்னா வைத்தார்கள். அது நன்றாகவே வந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் கடினமாக இருந்தது. கெட்டுப்போன கறியென்றால் சால்னாவிலும் தெரிந்திருக்கும். அதே ஜெலட்டின் பாக்கெட்டில் ஆரஞ்சு புட்டிங்கும் போட்டார்கள், அது கத்தியால் வெட்டும் அளவுக்கு உறைந்தது. அதே தயிரில் செய்த வெங்காயப் பச்சடி கடைசிப் பந்திவரை கசக்கவில்லை. ஆக கறி, ஜெலட்டின், தயிர் மூன்றுமே நல்லவை. கெட்ட ஒவ்வொன்றிலும் கூடுதலாக இருந்தது ஒரு பச்சைக் காய் அல்லது பச்சைப் பழம். கபாபிலும் பிரியாணியிலும் பப்பாளிக்காய், புட்டிங்கிலும் பச்சடியிலும் வேகவைக்காத அன்னாசி.

சனி இரவு முதல் ஞாயிறு மாலை வரை

சனிக்கிழமை இரவு 9.30. எலும்போடு 40 கிலோ மட்டன், கபாபுக்கு 16 கிலோ கைமா. அன்று காலை பறித்து வந்த நான்கு பெரிய பப்பாளிக்காய்கள், தோலில் கீறினால் பால் சொட்டுகிற பதம். விதையை மட்டும் எடுத்துவிட்டுத் தோலோடு அரைத்ததில் 5.6 கிலோ விழுது வந்தது. மாஸ்டர் சொல்லிவிட்டுப் போன அளவு "கிலோவுக்கு ஒரு கரண்டி". அவர் கையில் எப்போதும் இருக்கும் கரண்டி மசாலா எடுக்கிற சின்னது, 25 கிராம் பிடிக்கும். உதவியாள் எடுத்ததோ குழம்பு ஊற்றும் குழிக்கரண்டி, 100 கிராம். "மாஸ்டர், நீங்க சொன்ன மாதிரி கரண்டிதான் போட்டேன்" என்று அவர் பிறகு சொன்னது முழு உண்மை. அரைத்த விழுது முழுவதும் செலவானதே சாட்சி: 56 கிலோ கறிக்கு 5.6 கிலோ, கிலோவுக்குச் சரியாக 100 கிராம்.

கோல்ட் ரூமில் இடமில்லை. மசாலா தடவிய கறி இரவு 1.30 வரை வெளியே, சுமார் 27 டிகிரியில் இருந்தது. பிறகு இரண்டு ஆழமான தேக்சாக்களில், தலைக்கு 20 கிலோவாக, 4 டிகிரி அறைக்குள் போனது. கைமாவும் ஒரே பாத்திரத்தில்.

ஞாயிறு மாலை 3.30-க்குக் கைமாவைக் கம்பியில் பிடிக்கத் தொடங்கினார்கள். கையில் ஒட்டியது, தண்ணீர் விட்டது. மாஸ்டர் கடலை மாவு சேர்த்தார், பிறகு ஒரு மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்தார். விறைத்து நின்றது, கரியில் வைத்ததும் விழுந்தது. வாடிக்கையாளர் கேட்டதற்காக அன்று பிரியாணியை ஆம்பூர் முறையில் செய்யாமல், பச்சைக் கறிமேல் பாதி வெந்த அரிசியைப் போட்டு மைதா மாவால் மூடியை ஒட்டித் தம் போடும் ஹைதராபாத் முறையில் வைத்தார்கள். இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பது கீழே வருகிறது.

பப்பாளிப் பாலில் என்ன இருக்கிறது

பப்பாளிக்காயின் தோலுக்கு அடியில் பால்குழாய்கள் ஓடுகின்றன. அந்தப் பாலில் பபெய்ன், கைமோபபெய்ன், காரிகெய்ன் என்று ஒரே குடும்பத்து நொதிகள் பல இருக்கின்றன. மரத்துக்கு இவை ஆயுதம். இலையையோ காயையோ கடிக்கும் புழுவின் குடற்புரதங்களை வெட்டி அதைத் தடுக்கவே இவை இருக்கின்றன. மரம் தன்னையே வெட்டிக்கொள்ளாமல் இருக்க, பபெய்ன் முதலில் கூடுதல் வால் ஒன்றோடு பூட்டிய நிலையில்தான் உருவாகிறது. காயம் பட்டுப் பால் வழிந்ததும் சில நிமிடங்களுக்குள் பூட்டு கழன்று நொதி வேலைக்கு வருகிறது. பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். ஆகவே மஞ்சளான பப்பாளி கறியை மிருதுவாக்காது. தோல் சீவிய காயில் நொதி குறைவு, தோலோடு அரைத்த இளங்காயில் மிக அதிகம். சந்தையில் மூன்று நாள் கிடந்து வாடிய காயை 25 கிராம் போட்டுப் பழகிய கை, அன்று பறித்த காயில் அதே 25 கிராமைப் போட்டிருந்தாலே விளைவு வேறாகத்தான் இருந்திருக்கும். நான்கு மடங்கு போட்டால் கேட்கவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் இந்தப் பாலுக்காகவே பப்பாளி வளர்ப்பவர்கள் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-2, கோ-5 ரகங்கள் இதற்குப் பெயர்போனவை. 75 முதல் 90 நாள் வயதுள்ள காயில், காம்பிலிருந்து நுனிவரை நான்கு கீறல்கள், 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல், காலை 10 மணிக்குள். மூன்று நாளைக்கு ஒருமுறை அதே காயில் மீண்டும் கீறுவார்கள். பாலை 50 முதல் 55 டிகிரியில் உலர்த்துவார்கள். கீறும் கத்தி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும், பாத்திரத்தில் இரும்பு ஆகாது. காரணம் நொதியின் வெட்டும் இடத்திலேயே இருக்கிறது. பபெய்ன் 212 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 25-ஆவது இடத்து சிஸ்டீனும் 159-ஆவது இடத்து ஹிஸ்டிடினும் சேர்ந்துதான் புரதச் சங்கிலியை வெட்டுகின்றன. சிஸ்டீனின் கந்தகம் காற்றாலோ உலோகத்தாலோ ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நொதி என்ற கத்தி மழுங்கிவிடும். பாலில் சிறிதளவு மெட்டாபைசல்ஃபைட் என்ற உப்பைச் சேர்ப்பது அந்தக் கந்தகத்தைக் காப்பாற்றத்தான். இதே சிஸ்டீன் அமைப்புதான் அன்னாசியின் புரோமிலெய்னுக்கும், அத்திப் பாலின் ஃபிசினுக்கும், கிவிப் பழத்தின் ஆக்டினிடினுக்கும், இஞ்சியின் நொதிக்கும். ராஜஸ்தான் சமையலில் கறிக்குப் போடும் கச்ரியும் புரதம் வெட்டும், ஆனால் அது வெள்ளரி இனம், அதன் நொதி வேறு குடும்பம்.

கபாப் ஏன் விழுந்தது

கைமா கம்பியில் நிற்பது மாவினால் அல்ல. கைமாவில் 1.5 முதல் 2 சதவீதம் உப்புப் போட்டு அழுத்திப் பிசையும்போது தசைநாரிலிருந்து மயோசின் என்ற நீளமான புரதம் கசிந்து வந்து பசையாகிறது. சூட்டில், 50 டிகிரியைத் தாண்டும்போது, அந்த மயோசின்கள் ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. கொழுப்பையும் தண்ணீரையும் அந்த வலைதான் பிடித்து நிறுத்துகிறது.

பபெய்ன் மயோசினைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டால் பின்னிக்கொள்ள நீளம் இல்லை. வலை விழாது. ஃப்ரீஸரில் வைத்தபோது விறைத்தது கொழுப்பு உறைந்ததால் மட்டுமே. கொழுப்பு உருகியதும் தாங்க ஒன்றுமில்லை. கடலை மாவு தண்ணீரை உறிஞ்சும், ஆனால் வெட்டுப்பட்ட புரதத்தை ஒட்டவைக்காது. அதனால்தான் கம்பியில் தங்கிய சில கபாபுகளும் வாயில் மாவாக இருந்தன.

துண்டுக் கறியைவிடக் கைமாவுக்கு ஆபத்து பல மடங்கு. துண்டுக் கறியில் விழுது சில மில்லிமீட்டர்தான் உள்ளே போகும், ஒரே இரவில் நடுப்பகுதியை எட்டாது. அளவு மீறினால் மேற்புறம் கூழாகி உள்ளே கடினமாகவே இருப்பது அதனால்தான். கைமாவில் உள்ளே என்று ஒரு பகுதியே இல்லை, ஒவ்வொரு துகளிலும் நொதி படுகிறது. கைமாவுக்கும் துண்டுக் கறிக்கும் ஒரே அளவு விழுது எழுதும் சமையல் குறிப்புகள் தவறானவை என்றே சொல்ல வேண்டும்.

தம்மில் நடந்தது

கறியை இரவு முழுவதும் ஊறவைத்தால் வேலை முடிந்துவிட்டது, அடுப்பில் அது வெறுமனே வேகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பபெய்னின் பெரும்பகுதி வேலை அடுப்பில்தான் நடக்கிறது. அதற்கு உகந்த வெப்பம் 65 டிகிரி அளவு. பல நொதிகள் செத்துப்போகும் அந்தச் சூட்டில் இது முழு வேகத்தில் ஓடும். 80 டிகிரியைத் தாண்டித்தான் தளரத் தொடங்கும், 90-ஐத் தொட்டு நின்றால் அடங்கும்.

தோராயமான ஒரு கணக்கு உதவும். 10 டிகிரி கூடினால் நொதியின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. குளிர்பதனத்தில் 4 டிகிரியில் உள்ள வேகத்தை ஒன்று என்று வைத்தால், 27 டிகிரியில் அது ஐந்து, 64 டிகிரியில் அறுபத்து நான்கு. அன்று கறி வெளியே இருந்த 4 மணி நேரம், குளிர்பதனத்தின் 20 மணி நேரத்துக்குச் சமம். தம்மில் கறி 60-65 டிகிரி அடுக்கில் 40 நிமிடம் தங்கினால் அது குளிர்பதனத்தின் சுமார் 40 மணி நேரத்துக்குச் சமம். இதை நான்கு மடங்கு விழுதால் பெருக்கிப் பாருங்கள்.

ஆம்பூர் முறையில் இந்தச் சிக்கல் எழாது. அங்கே கறியை மசாலாவோடு முதலில் தனியே வேகவைக்கிறார்கள். கீழே விறகு நன்றாக எரியும், கரண்டி போட்டுக் கிளறிக்கொண்டே இருப்பார்கள், கறி 65 டிகிரியைக் கடந்து கொதிநிலைக்கு வேகமாகப் போய்விடும். பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும், அது நொதியைக் கொல்லத் தாராளமாகப் போதும். பச்சைக் கறித் தம்மிலோ மூடி ஒட்டிய தேக்சாவில் மேலே அரிசி, கீழே குளிர்ந்த கறி, கிளறுவதே இல்லை. நடு அடுக்கு 50-லிருந்து 75 வரை ஊர்ந்து ஏறுகிறது. ஆம்பூர் முறையில் இதே மாஸ்டர் பல வருடமாகப் பப்பாளி போட்டும் கெடாதது, தம் முறைக்கு மாறிய அன்று கெட்டதற்கு இதுவே விளக்கம்.

எலும்பு தனியே கழன்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சவ்வும் தசைநாணும் கொலாஜனால் ஆனவை. பச்சை நிலையில் கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு, நொதியின் வாய்க்குள் எளிதில் அகப்படாது. 60-65 டிகிரியில் அந்த முறுக்கு அவிழத் தொடங்குகிறது. பபெய்ன் உச்சத்தில் இருக்கும் அதே வெப்பத்தில்தான் கயிறும் அவிழ்கிறது. பக்குவமாகப் பயன்படுத்தினால் முற்றிய ஆட்டுக் கறிக்கு இதுதான் வரம். அளவு மீறினால் எலும்பில் கறி நிற்காது.

ஆட்டுக் கறிக்குள்ளேயே மிருதுவாக்கும் நொதி ஒன்று இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதன் பெயர் கால்பெய்ன். உயிர் போனபின் தசைக்குள் கால்சியம் கசியும்போது அது விழித்துக்கொண்டு, நார்களை இழுத்துக் கட்டியிருக்கும் புரதங்களை மெதுவாக வெட்டுகிறது. அதற்கு அவகாசம் வேண்டும். விடியற்காலையில் அறுத்துக் காலை பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றும் நம் வழக்கத்தில் அந்த அவகாசமே கிடைப்பதில்லை, விறைப்பு நிலையிலேயே கறி வேகிறது. 0 முதல் 4 டிகிரியில் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வைத்தால் பப்பாளியின் தேவை குறையும். கூடத்துக்குக் கறி சனி மாலைதான் வந்தது. வெள்ளிக்கிழமையே வாங்கிக் குளிரில் வைத்திருந்தால் இவ்வளவு விழுதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவே வேண்டாம்.

புட்டிங்கும் பச்சடியும்

அன்னாசி புட்டிங்குக்குப் பழத்தை நடுத்தண்டோடு அரைத்துப் பிழிந்தார்கள், வீணாகக் கூடாதென்று. புரோமிலெய்ன் சதையைவிடத் தண்டில்தான் கூடுதல். லிட்டருக்கு 25 கிராம் ஜெலட்டின், வழக்கமான அளவு. உறையவில்லை என்றதும் இன்னொரு 25 கிராம் கரைத்து ஊற்றினார்கள். அதுவும் உறையவில்லை.

ஜெலட்டின் என்பது முறுக்கவிழ்ந்த கொலாஜன்தான். ஆறும்போது நீண்ட இழைகள் அங்கங்கே மீண்டும் முறுக்கிக்கொண்டு வலையாகின்றன, அதுவே உறைதல். இழைகளைக் குட்டையாக வெட்டிவிட்டால் முறுக்கிக்கொள்ளப் பிடிமானம் இல்லை. கூடுதல் ஜெலட்டின் ஏன் உதவவில்லை? நொதி செலவாவதில்லை. ஒன்றை வெட்டி முடித்ததும் அடுத்ததற்குப் போகும். புதிதாக ஊற்றிய 25 கிராமையும் அதே கத்திகள் வெட்டின.

வழி எளிது. அன்னாசிச் சாற்றை நன்றாகக் கொதிவந்தபின் 5 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்க்கலாம். டின்னில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது, அப்படியே போடலாம். ஃப்ரீஸரில் வைத்த அன்னாசியை நம்பக் கூடாது, குளிரில் நொதி உறங்குமே தவிரச் சாகாது. பச்சைச் சாறுதான் வேண்டுமென்றால் ஜெலட்டினை விட்டுக் கடற்பாசிக்கு, அதாவது சைனா கிராஸுக்குப் போக வேண்டும். அது மாவுச்சத்தின் உறவுக்காரப் பொருள், புரதமே இல்லை, புரோமிலெய்னுக்கு அதில் வெட்ட ஒன்றுமில்லை. நோன்புக் காலத்தில் கடற்பாசி காய்ச்சிப் பழகிய ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளுக்கு இது புதிதும் அல்ல.

பச்சடியில் நடந்தது இன்னும் நுட்பமானது. மாலை 4 மணிக்குப் பச்சை அன்னாசித் துண்டுகளைத் தயிரில் கலந்தார்கள், இரவு 8 மணிக்குப் பந்தி. தயிரின் புரதம் கேசின். அதை நொதி வெட்டும்போது விழும் குட்டைத் துண்டுகளில் பல நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் கொண்டவை. நாக்கு அவற்றைக் கசப்பாகவே உணரும். தயிரின் கட்டு தளர்ந்து தண்ணீரும் பிரியும். பாலாடைக்கட்டி செய்கிறவர்கள் பயன்படுத்தும் கைமோசினும் கேசினைத்தான் வெட்டுகிறது, ஆனால் அது கப்பா-கேசின் சங்கிலியில் 105-க்கும் 106-க்கும் நடுவே உள்ள ஒரே ஒரு இணைப்பைக் குறிவைக்கிறது. அந்த ஒரு வெட்டில் பால் திரைந்து கட்டியாகும், கசப்பு எழாது. புரோமிலெய்னுக்கு அந்த நிதானம் கிடையாது, அகப்பட்ட இடத்தில் எல்லாம் வெட்டும். புரதம் வெட்டும் நொதிகள் எல்லாம் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு சமையலறையில் இல்லை.

நம் பாட்டிமார் செய்யும் அன்னாசிப் பச்சடியில் பழத்தை மஞ்சளும் வெல்லமும் போட்டு முதலில் வேகவைத்துவிடுவார்கள், ஆறியபின்தான் தேங்காய் அரைத்த தயிர் சேரும். ருசிக்காக என்று நினைத்துக்கொண்டிருந்த அந்தப் படி, நொதியைக் கொல்லும் படி. நேரம் மிச்சம் என்று அதைத் தாண்டியதுதான் அன்று செய்த பிழை.

பையனின் விரல்கள்

இருபதுக்கும் மேற்பட்ட அன்னாசிகளைக் கையுறை இல்லாமல் சீவினால் விரல்நுனித் தோல் தேய்வது இயல்பு. அன்னாசியில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போட, புரோமிலெய்ன் அதன் வழியே மேல்தோலின் புரதங்களைத் தின்கிறது. ரேகை மேடுகள் தேய்ந்துபோவதால் இயந்திரம் படிக்கவில்லை. சில வாரத்தில் தோல் வளர்ந்து சரியாகிவிடும். நைட்ரைல் கையுறை போதும், துணிக் கையுறை சாற்றை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் கூடாது. பப்பாளிப் பால் கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும்.

இதைவிட முக்கியமானது, கடைகளில் கிடைக்கும் கறி மிருதுவாக்கும் தூள். அதில் இருப்பது பெரும்பாலும் பபெய்னும் உப்பும். அந்தத் தூள் பறந்து மூச்சில் போனால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரும் என்பது நன்கு அறியப்பட்டது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் பிறகு சிறு அளவே போதும். தூளை ஃபேன் போட்ட அறையில் தட்டாமல் தண்ணீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும், எடுப்பவர் முகக்கவசம் அணிய வேண்டும். ஒரு கம்பெனித் தூளும் இன்னொன்றும் ஒரே வீரியம் அல்ல, பாக்கெட்டில் போட்ட அளவை மீறக் கூடாது.

உடலுக்குள்ளும் இதே வகைக் கத்திகள் ஓயாமல் வேலை செய்கின்றன. வயிற்றில் பெப்சின், சிறுகுடலில் டிரிப்சின், காயத்தில் ரத்தம் உறைய ஃபைப்ரினோஜனை வெட்டும் திராம்பின், செல்லுக்குள் பழுதான புரதங்களை நறுக்கும் புரோட்டியசோம். இவை நம்மையே தின்னாமல் இருப்பது பூட்டுகளால்தான். டிரிப்சின் கணையத்தில் டிரிப்சினோஜனாகப் பூட்டியே உருவாகிறது, சிறுகுடலுக்கு வந்தபின் அங்குள்ள இன்னொரு நொதி பூட்டைத் திறக்கிறது. கணையத்துக்குள்ளேயே திறந்துகொண்டால் அது கணைய அழற்சி, உயிருக்கே ஆபத்தான வலி. பப்பாளி மரமும் கணையமும் ஒரே உபாயத்தைக் கையாள்கின்றன. சமையலறையில் அந்தப் பூட்டை நாம்தான் போட வேண்டும்: எடையாலும் கடிகாரத்தாலும் தெர்மாமீட்டராலும்.

துணிக்கும் இது பொருந்தும். அன்றைய மேசைவிரிப்புகளில் இருந்த கறி, தயிர்க் கறைகள் நொதி கலந்த சலவைத்தூளில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறி எளிதாகப் போயின. அந்தத் தூளில் இருப்பதும் பாசில்லஸ் பாக்டீரியாவிலிருந்து வரும் புரோட்டியேஸ். அதே வாளியில் பட்டுப்புடவையை நனைத்துவிடக் கூடாது. பட்டும் புரதம், கம்பளியும் புரதம்.

மீண்டும் செய்து பார்த்தது

வீரியத்தை அளக்கக் கூடத்தில் கருவி எதுவும் வேண்டியதில்லை. 100 மில்லி வெந்நீரில் 2.5 கிராம் ஜெலட்டினைக் கரைத்து நான்கு சின்னக் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றிக் குளிர்பதனத்தில் உறையவிட வேண்டும். ஒன்றின்மேல் ஒரு தேக்கரண்டி அன்றைய பப்பாளி விழுது, இரண்டாவதில் கொதிக்கவைத்து ஆறிய அதே விழுது, மூன்றாவதில் தோல் சீவிய காயின் விழுது, நான்காவதில் வெறும் தண்ணீர். இரண்டு மணி நேரம் குளிரிலேயே வைத்துவிட்டு, வெளிப்புறமாக ஸ்கேல் வைத்து எவ்வளவு உயரம் கரைந்தது என்று பார்க்கலாம். கொதித்ததிலும் தண்ணீரிலும் ஜெலட்டின் அப்படியே நிற்கும். தோலோடு அரைத்த இளங்காய் சீவியதைவிட ஆழமாகக் கரைத்திருக்கும். ஒவ்வொரு முறை காய் வாங்கும்போதும் இதைச் செய்து, பழைய காயோடு ஒப்பிட்டு அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். டம்ளரை வெளியே வைக்கக் கூடாது, பெங்களூரு வெயில் காலத்தில் ஜெலட்டின் தானாகவே உருகி ஏமாற்றும்.

தேக்சாவின் நடுவில் குத்து தெர்மாமீட்டர் வைத்து 20 கிலோ கறியோடு குளிர் அறையில் வைத்துப் பார்த்தபோது, 5 மணி நேரம் கழித்தும் நடுப்பகுதி 20 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. குளிர் அறையில் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிய கறி, உண்மையில் இரவு முழுவதும் வெளியில் இருந்தது போலத்தான். இது நொதிக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. கிருமிகள் பெருகவும் அதே வெப்பம் போதும், கறி கூழானதைவிடப் பெரிய ஆபத்து அது. அதே கறியை 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் தட்டையான டிரேக்களில் பரப்பியபோது 4 மணி நேரத்தில் 7 டிகிரிக்கு வந்தது.

அதன்பின் கூடத்தில் மாறியவை சில. "கரண்டி" என்ற சொல் பப்பாளி விழுதுக்கு இனி கிடையாது, தராசுதான். எலும்புள்ள துண்டுக் கறிக்குக் கிலோவுக்கு 25 கிராம், குளிர்ந்த கறியில், டிரேயில், அதிகபட்சம் 4 மணி நேரம். கைமாவுக்கு 10 கிராம், கம்பியில் பிடிப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்புதான். அதற்கும் முன்பாக உப்புப் போட்டுப் பிசைந்து பசை வந்துவிட வேண்டும். பச்சைக் கறித் தம் என்றால் பப்பாளி 10 கிராமைத் தாண்டாது, நல்ல இளங்கறி கிடைத்தால் பப்பாளியே இல்லை, தயிரும் நேரமும் போதும். தயிரின் புளிப்பு பபெய்னை மந்தப்படுத்துமே தவிர நிறுத்தாது, எலுமிச்சையும் அப்படியே, ஆகவே தயிர் இருக்கிறது என்று விழுதைக் கூட்டக் கூடாது. ஊறிய கறியை அடுப்பேற்ற நேரமாகும் என்று தெரிந்தால் காத்திருக்க விடாமல் 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து நொதியை முடித்துவிட்டு வேகமாக ஆறவைப்பது நல்லது.

மாஸ்டருக்கு இதில் ஒன்று மட்டும் உடன்பாடில்லை. 10 கிராம் கைமாவுக்குக் குறைவு, முற்றிய ஆட்டுக்குப் பற்றாது என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. முற்றிய கறியில் சவ்வு அதிகம், அந்தச் சவ்வைப் பபெய்ன் பச்சையில் தொடாது. கம்பியில் கபாப் வேகும் சில நிமிடங்களில் கொலாஜன் அவிழ நேரமும் போதாது. அதனால் விழுதைக் கூட்டினாலும் சவ்வு அசையாது, மயோசின்தான் கெடும். தீர்வு விழுதில் இல்லை, கறிக்கடையில் இருக்கிறது. சவ்வைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, 3 மி.மீ. துளைத் தட்டில் இரண்டு முறை அரைத்து வாங்கினார்கள். அடுத்த ஆர்டரில் 12 கிலோ கைமாவும் 10 கிராம் கணக்கிலேயே கம்பியில் நின்றது.